பாடத்திட்டம் மாறுகிறது, ஆசிரியருக்கு யார் துணை?

தில்லையடியில் வரலாறு கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியர் ஒரு சனிக்கிழமை மாலை என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கட்டுக் கொப்பிகள். தமது ஆறாந் தரப் பிள்ளைகளிடம், "உங்கள் ஊரைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்" என்று வேலை கொடுத்திருந்தார். நல்ல வேலைதான். பிள்ளைகளும் ஆர்வத்தோடு எழுதியிருந்தார்கள். சிலர் தில்லையடியைப் பற்றி எழுதியிருந்தார்கள். பலர் தாங்கள் ஒருநாளும் வாழ்ந்திராத ஊர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒரு கொப்பியில் மன்னார் எருக்கலம்பிட்டி, இன்னொன்றில் யாழ்ப்பாணத்துச் சோனகதெரு, வேறொன்றில் முசலி.

"இதுவரைக்கும் பிரச்சினை இல்லை பாதர்" என்றார் அவர். "ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: 'சேர், எங்கட ஊர் எது? உம்மம்மா எருக்கலம்பிட்டி எண்டு சொல்றா. வாப்பா தில்லையடிதான் எண்டு சொல்றார். நான் எதை எழுத?' எனக்குப் பதில் வரல்ல. அடுத்த பாடத்துக்கு மணி அடிச்சது, தப்பிச்சேன். நான் எத்தனையோ செயலமர்வுக்குப் போயிருக்கிறன். ஒண்டிலயும் இதுக்கு ஒருத்தரும் வழி சொல்லித் தரல்ல."

அந்த மணியோசை இன்னும் என் காதில் கேட்கிறது. நாட்டில் மீண்டும் ஒரு கலைத்திட்ட மாற்றம் வாசலில் நிற்கின்ற இவ்வேளையில், அந்த ஆசிரியரின் நிலைபற்றிச் சிந்திப்பது எமது கடமை என எண்ணுகின்றேன்.

நான்கு மாற்றங்கள்

எமது நாட்டில் சமூகக் கல்வி என்ற பாடம் பட்ட பாட்டைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டே, 1972இல், பெரிய கல்விச் சீர்திருத்தம் வந்தது. வரலாறு, புவியியல், குடியியல் எனத் தனித்தனியே இருந்த பாடங்கள் கீழ் இடைநிலை வகுப்புகளில் ஒன்றாக்கப்பட்டுச் சமூகக் கல்வி என்ற பெயர் பெற்றன. வரலாற்றில் பட்டம் பெற்றவர் நிலவரைபடம் வாசிக்கவும், புவியியல் ஆசிரியர் அநுராதபுர அரசர்களைப் பற்றிப் பேசவும் வேண்டியதாயிற்று. 1977இல் ஆட்சி மாறியபின் அச்சீர்திருத்தத்தின் பல பகுதிகள் கைவிடப்பட்டன. தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை போய், சாதாரண தரப் பரீட்சை திரும்பி வந்தது. ஆனால் சமூகக் கல்வி நிலைத்தது. இன்று நாற்பதைக் கடந்த எம்மிற் பலர் படித்தது அப்பாடத்தையே.

இரண்டாம் முறை 1987 முதல் 1989 வரை தெற்கு எரிந்தது. இளைஞர் அமைதியின்மை பற்றி ஆராய்ந்த சனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. 1991இல் தேசிய கல்வி ஆணைக்குழு சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 1997இல் வகுக்கப்பட்ட பொதுக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. பாடத்தின் பெயர் 'சமூகக் கல்வியும் வரலாறும்' என்றாயிற்று.

மூன்றாம் முறை 2007. யுத்தம் உச்சத்தை நோக்கிச் சென்ற காலம். தேர்ச்சி மையக் கலைத்திட்டம் என்ற பெயரில் ஆறாந் தரத்திலும் பத்தாந் தரத்திலும் மாற்றம் தொடங்கியது. வரலாறு தனிப் பாடமாயிற்று. சாதாரண தரத்துக்குக் கட்டாய பாடமும் ஆயிற்று. புவியியல் வேறு, குடியுரிமைக் கல்வி வேறு எனப் பிரிந்தன. ஒன்றுசேர்த்துக் கற்பிக்கப் பழகியிருந்தவர்கள் பிரித்துக் கற்பிக்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துவது என்ற ஒழுங்கின்படி 2015இல் பாடநூல்கள் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன.

நான்காவது, இப்போது எம் முன் நிற்பது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்கும் மக்கள் எழுச்சிக்கும் பின் வந்த ஆட்சி, பாடங்களைத் தொகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் புதிய சீர்திருத்தத்தை அறிவித்தது. வரலாறு கட்டாய பாடமாக இருக்குமா இல்லையா என்று 2025இல் நாடெங்கும் வாதம் நடந்தது. முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் 2026 ஜனவரியில் தொடங்க இருந்தது. ஆறாந் தரத்துக்கான ஆங்கிலப் பாடத் தொகுதி ஒன்றில் ஏற்பட்ட தவறு பெரும் சர்ச்சையானதை அடுத்து, அத்தரத்துக்கான மாற்றம் 2027க்குப் பிற்போடப்பட்டது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நாடு ஒரு பெரும் துன்பத்தைச் சந்திக்கும்போதெல்லாம் எமது பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்துவிட்டார்கள் என்ற கவலை எழுகிறது. உடனே பாடசாலையை நோக்கிக் கை நீள்கிறது. பாடத்தின் பெயர் மாறுகிறது, நூல் மாறுகிறது, பரீட்சை மாறுகிறது. அந்த நூலைக் கையில் ஏந்தி வகுப்பினுள் நுழைகின்றவரை நாம் கடைசியாகத்தான் நினைக்கிறோம்.

கடைசி வயலுக்கு வரும் நீர்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படுவதில்லை என்று நான் சொல்லவில்லை. கொடுக்கப்படுகிறது. அது எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்போம்.

மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. கலைத்திட்டம் அங்கே உருவாகிறது. அங்கே மாகாணங்களிலிருந்து வரும் வளவாளர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி. அவர்கள் திரும்பி வந்து வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்களுக்குச் சொல்லுகிறார்கள். ஆலோசகர்கள் ஆசிரியர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ சொல்லி முடிக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நேரம் குறைகிறது, சொல்லப்படுவதும் குறைகிறது. குளத்தில் திறந்துவிடும் நீர் வாய்க்காலின் கடைசி வயலுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை எமது விவசாயிகள் நன்கு அறிவார்கள். புத்தளக் கரையோரத்துத் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் பல அந்தக் கடைசி வயல்கள்தான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1987க்குப் பின் மாகாண சபைகள் வந்தபோது புத்தளம் வடமேல் மாகாணத்தில் அமைந்தது. இங்கே தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் சிறுபான்மை. வரலாற்றுக்கோ குடியுரிமைக் கல்விக்கோ தமிழில் ஆலோசனை சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தாலும், கற்பிட்டிக் குடாநாட்டின் முனையிலிருந்து வண்ணாத்திவில்லு வரை அவர் ஒருவரே ஓட வேண்டியிருக்கிறது. நூல்களும் வழிகாட்டிகளும் பெரும்பாலும் முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழுக்கு வருகின்றன. தமிழ்ப் பிரதி வந்து சேரும்போது சில வேளை தவணையே தொடங்கியிருக்கும் என ஆசிரியர்கள் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள்.

2007இன் மாற்றத்தோடு வந்த ஐந்து 'ஈ' முறையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையை ஈடுபடுத்து, தேடிக் கண்டறியவிடு, விளக்கச் சொல், விரிவாக்கு, மதிப்பிடு என்பன அதன் ஐந்து படிகள். ஆங்கிலத்தில் ஐந்துக்கும் முதலெழுத்து ஒன்று என்பதால் அந்தப் பெயர். நல்ல முறைதான். ஆனால் அந்த முறையைச் சொல்லித் தந்த செயலமர்வில் ஆசிரியர்கள் காலை முதல் மாலை வரை கதிரையில் இருந்து குறிப்பெழுதினார்கள் என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். செயல்முறைக் கல்வியை விரிவுரையாகக் கேட்டுவிட்டு வந்த ஆசிரியர், வகுப்பிலும் அதை விரிவுரையாகவே தருகிறார். அவர்மேற் குற்றஞ் சொல்ல முடியுமா?

பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேரேயின் கருத்துகளைக் கிராமப் பணியில் ஈடுபட்டோர் அறிவர். வங்கியில் பணம் இடுவதுபோல ஆசிரியர் பிள்ளையின் தலையில் அறிவை இட்டு நிரப்பும் முறையை அவர் கண்டித்தார். நாம் அதை மேற்கோள் காட்டி ஆசிரியர்களுக்குப் புத்தி சொல்லுகிறோம். ஆனால் ஆசிரியர்களையும் அதே முறையில்தான் நாடு நடத்துகிறது என்பதை மறந்துவிடுகிறோம். அவருடைய அனுபவம் என்ன, அவருடைய வகுப்பில் யார் இருக்கிறார்கள், அவருக்கு எது கடினம் என்று கேட்பார் இல்லை.

பிள்ளையின் கேள்வியில் உள்ள பாரம்

தில்லையடிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். புத்தளம் நகருக்கும் பாலாவிக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு, காணி, தொழில் யாவற்றையும் விட்டு வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைத் தாங்கியது புத்தளம் மாவட்டம். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அகதி வாழ்வு பல்லாண்டு நீடித்தது. தில்லையடியும் அவ்வாறு மக்கள் வந்து குடியேறிய ஓர் ஊர். வந்தவர்களோடு ஆசிரியர்களும் வந்தார்கள். இருந்த பாடசாலைகளில் மாலை வேளைகளிலும், ஓலைக் கொட்டில்களிலும் வகுப்புகளை நடத்தினார்கள். இங்கே முன்பிருந்த மக்கள் முதல் நாட்களில் சோறும் இடமும் கொடுத்தார்கள். பின்னர் கிணற்று நீருக்கும், கூலி வேலைக்கும், பாடசாலை இடத்துக்கும் நெருக்கடி வந்தபோது மனக்கசப்புகளும் வந்தன. இரண்டும் உண்மை.

தமிழ் பேசும் குருவாகிய நான் இதை எழுதும்போது என் மனம் கூசுகிறது. என் மொழி பேசியவர்களின் கைகளால், என் மொழியையே பேசிய மக்களுக்கு நடந்த அநீதி இது. அன்று எம்மிற் பலர் வாய்திறக்கவில்லை. ஆகவேதான், இதைப் பற்றி ஒரு பிள்ளை வகுப்பில் கேட்கும்போது ஆசிரியர் மணி அடித்ததும் தப்பிச் செல்ல வேண்டிய நிலையில் இருப்பது எனக்கு வெறும் கல்விப் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

இன்னொரு காயத்தையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டில் இருந்த மக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவை அடுத்துக் கிளம்பிய பகை, வடமேல் மாகாணத்தின் பல ஊர்களில் முஸ்லிம் மக்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்குவதாக வளர்ந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தங்கள் தங்கள் வகுப்புகளில் வந்து அமர்ந்தார்கள். அன்று குடியுரிமைக் கல்வி ஆசிரியர் என்ன பேசியிருக்க வேண்டும்? சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக்கென ஒரு தேசியக் கொள்கை 2008இலேயே எழுதப்பட்டிருந்தது. எனினும் நான் கேட்ட ஆசிரியர்களில் பலர், 'ஒன்றும் பேசாமல் பாடத்தை நடத்தினோம்' என்றார்கள். பயத்தினால் அல்ல, எப்படிப் பேசுவதென்று தெரியாமையினால் என்றார்கள்.

பாடநூல் முழு நாட்டுக்கும் எழுதப்படுவது. அது ஒவ்வொரு ஊரின் காயத்தையும் சொல்லும் என எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் ஆசிரியர். அவருக்குத் தேவையான ஆற்றல் ஒருநாள் செயலமர்வில் வராது.

வேறு நாடுகளில் கண்ட வழி

இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்பவர் 1967இல் தொடங்கிய ஒரு கலைத்திட்ட முயற்சி எமக்குப் பாடமாகும். யுத்தம், வறுமை, இனங்களுக்கிடையிலான உறவு போன்ற, பெரியவர்களே கருத்து வேறுபடும் விடயங்களை இளம் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்பதே அதன் நோக்கம். ஆசிரியர் தமது கருத்தைத் திணிக்காமல், கூட்டத்தின் தலைவரைப்போல நின்று, சான்றுகளை மேசையில் வைத்துப் பிள்ளைகளைப் பேச வைப்பது அங்கே கையாளப்பட்ட முறை. அந்த அனுபவத்திலிருந்து ஸ்டென்ஹவுஸ் வந்தடைந்த முடிவு முக்கியமானது. ஆசிரியர் வளராமல் கலைத்திட்டம் வளர முடியாது. ஆசிரியரே தமது வகுப்பறையை ஆராய்பவராக மாற வேண்டும்.

யப்பானில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கம் உண்டு. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதைத் தம் வகுப்பில் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று கவனிக்கிறார்கள். அவர்கள் கவனிப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. பின்னர் கூடிப் பேசித் திருத்தி, இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்துகிறார். பாட ஆய்வு என்று இதைச் சொல்லலாம். இதற்கு மண்டபமும் சாப்பாட்டுச் செலவும் தேவையில்லை. நாலு பேரும் நேரமும் தேவை.

எமது நாட்டிலும் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. பாடசாலை மட்டத்தில் ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற திட்டம் 2010களில் அறிமுகமாயிற்று. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஆசிரியர்களின் தேவையைத் தானே இனங்கண்டு பயிற்சி ஒழுங்கு செய்யலாம் என்பதே அது. ஆனால் வரலாற்றுக்கு ஒரே ஓர் ஆசிரியர் இருக்கும் சிறிய பாடசாலையில் அவர் யாரோடு கூடுவது? அங்கேதான் அயற் பாடசாலைகள் சேர வேண்டிய தேவை எழுகிறது.

எமது சிறு முயற்சி

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அயலிலுள்ள மூன்று பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கினோம். முதலில் எமது மண்டபத்தில், பின்னர் ஒரு பாடசாலை வகுப்பறையில். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்ததைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

முதல் மாதம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டோம். ஓர் ஆசிரியை சொன்னார்: "ரெண்டும் உன்ர ஊர்தான் மகன் எண்டு சொல்லலாமே." தில்லையடி ஆசிரியர் தலையசைத்தார். "சொல்றது லேசு டீச்சர். வாக்காளர் இடாப்பில பேர் எங்க, காணி உறுதி எங்க எண்டு அடுத்த கேள்வி வருமே."

அந்த ஒரு வார்த்தையில் பாடம் பிறந்தது. ஊரை விட்டு வந்தது வரலாறு. மன்னாரிலிருந்து கற்பிட்டிக்குப் படகு வந்த வழி புவியியல். எங்கே பதிவது, எங்கே வாக்களிப்பது, காணிக்கு யாரிடம் விண்ணப்பிப்பது என்பது குடியுரிமைக் கல்வி. 1972இல் சேர்த்ததையும் 2007இல் பிரித்ததையும் அந்தப் பிள்ளை அறியான். அவனுடைய கேள்விக்குள் மூன்று பாடமும் இருக்கின்றன. பாடங்களைச் சேர்ப்பதா பிரிப்பதா என்பதில் மேலிடத்தில் எப்படி முடிவானாலும், மூன்று ஆசிரியர்களும் ஒரே மேசையில் இருந்து பேசினால் பிள்ளைக்கு நட்டமில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

பல மணி நேரம் பேசிச் சில ஒழுங்குகளை வகுத்தோம். எந்தப் பிள்ளையையும் எழுப்பித் தன் குடும்பத்தின் துயரத்தைச் சொல்லும்படி கேட்கக்கூடாது. விரும்பியவர் எழுதலாம், விரும்பாதவர் விடலாம். ஆளைவிடப் பொருளிலிருந்து தொடங்குவது நல்லது: ஒரு பழைய திறப்பு, ஒரு காணி உறுதி, ஒரு நிழற்படம். ஒரு வாய்மொழிக்கு ஓர் எழுத்துச் சான்று என்ற கணக்கில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி ஆராய்ந்த மக்கள் ஆணைக்குழு 2011இல் அறிக்கை வெளியிட்டது. ஆசிரியர் அதை முதலில் தாம் வாசித்திருக்க வேண்டும். வந்தவர்களின் கதையைக் கேட்பது போலவே, இடங்கொடுத்தவர்களின் கதையையும் கேட்க வேண்டும். யார் செய்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. அதே வேளை, ஓர் இயக்கம் செய்ததை ஓர் இனத்தின்மேற் சுமத்தக்கூடாது. அதிபருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும்.

தில்லையடி ஆசிரியர் பாடத்தை நடத்தினார். இருவர் போய்க் கவனித்தார்கள். முதல் தடவை அவரே அதிகம் பேசிவிட்டார் என்று கவனித்தவர்கள் சொன்னார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். இரண்டாந் தடவை வேறொரு பாடசாலையில் நடந்தபோது, ஒரு பிள்ளை தன் வாப்பாவைக் கேட்டு, கொட்டில் போட இடங்கொடுத்தவரின் பெயரை எழுதி வந்தது. இடங்கொடுத்தவரின் பேரப்பிள்ளை அதே வகுப்பில் இருந்தது. இருவருக்கும் அது அன்றுவரை தெரியாது.

எல்லாப் பாடமும் இவ்வாறு பாரமாக இருக்கத் தேவையில்லை. அடுத்த மாதம் அருவாக்காட்டுச் சுண்ணாம்புக் கல் புகையிரதத்தில் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வருவதையும், 2011இல் மின் உற்பத்தி தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் வைத்துப் புவியியல் பாடம் ஒன்று அமைத்தோம். 1344இல் இபின் பதூதா கால்வைத்த கரை எமது கரை. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை இன்றும் நிற்கிறது. இலங்கைக்கு 1834இல் ஒரு விபரக்கோவை எழுதித் தந்த சைமன் காசிச்செட்டி அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர். இத்தனை செல்வம் காலடியில் இருக்க, எமது பிள்ளைகள் வரலாறு என்பது வேறெங்கோ நடந்தது என எண்ணி மனனஞ் செய்கிறார்கள்.

ஐந்தாவது மாதத்தோடு எமது கூட்டம் நின்றுவிட்டது. அதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஒருவர் இடமாற்றம் பெற்றார். இருவர் பரீட்சைக் கடமைக்குப் போனார்கள். தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவருக்குப் பெற்றோல் செலவு கட்டுப்படியாகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் செலவிட்ட அந்த மணித்தியாலங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. செயலமர்வில் நித்திரை கொண்டவருக்கு வரவு உண்டு. சனிக்கிழமை வந்து பாடம் திட்டமிட்டவருக்கு இல்லை.

எதிர்ப்புகளுக்குப் பதில்

இம்முயற்சியை விமர்சித்தவர்களும் உண்டு. அவர்களுடைய வார்த்தையிலும் நியாயம் இருக்கிறது.

"பிள்ளைகள் சாதாரண தரம் சித்தியடைய வேண்டும். ஊர்க்கதை பேசினால் புள்ளி வருமா?" என்று ஓர் அதிபர் கேட்டார். சான்றுகளை ஒப்பிடவும் காரணம் சொல்லவும் பழகிய பிள்ளை பரீட்சைக் கேள்விக்கும் பயப்படாது என்று நான் நம்புகிறேன். எனினும் பாடத்திட்டத்துக்கு வெளியே புதிய சுமை ஏற்றக்கூடாது என்பதை ஏற்கிறேன். அமைக்கும் ஒவ்வொரு பாடமும் வழிகாட்டியில் உள்ள ஒரு தேர்ச்சியோடு பொருந்த வேண்டும்.

"இந்த விடயங்களைத் தொட்டால் நாளை முறைப்பாடு வரும்" என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் வீண் அல்ல. தனியே நிற்கும் ஆசிரியரை ஒரு முறைப்பாடு வீழ்த்திவிடும். ஆறு பேர் கூடித் திட்டமிட்டு, அதிபர் அறிந்து, எழுத்தில் வைத்திருக்கும் பாடத்தை வீழ்த்துவது அவ்வளவு எளிதல்ல. குழுவாகக் கூடுவதன் பயன்களில் இதுவும் ஒன்று.

"கோவில் மண்டபத்தில் கூடினால் அது மதப் பணியாகிவிடாதா?" என்ற கேள்வி என்னை நோக்கியது. நியாயமான கேள்வி. ஆகவேதான் இடம் மாறி மாறி இருக்க வேண்டும் என்கிறேன்: ஒரு மாதம் பாடசாலை, ஒரு மாதம் பள்ளிவாசல் மண்டபம், ஒரு மாதம் எமது மண்டபம். குருவோ மௌலவியோ கூட்டத்துக்குத் தலைமை தாங்கக்கூடாது. அது ஆசிரியர்களின் கூட்டம்.

இப்போது செய்யக்கூடியவை

ஆறாந் தர மாற்றம் 2027க்குப் பிற்போடப்பட்டதை ஒரு தோல்வியாகவே பலர் பேசினார்கள். நான் அதை ஆசிரியருக்குக் கிடைத்த அவகாசமாகப் பார்க்கிறேன். இந்த அவகாசம் நூல்களின் பிழை திருத்துவதோடு முடிந்துவிட்டால், ஐந்தாவது மாற்றம் வரும்போதும் நாம் இதையே எழுதிக்கொண்டிருப்போம்.

வலயக் கல்வி அலுவலகங்களிடம் எமது வேண்டுகோள் இரண்டு. அயற் பாடசாலைகளின் ஆசிரியர்கள் மாதம் இரண்டு மணித்தியாலம் கூடுவதைச் சேவைக்காலப் பயிற்சியாகப் பதிவு செய்யுங்கள். ஆசிரிய ஆலோசகர் அக்கூட்டத்துக்கு வந்து கேட்பவராக அமரட்டும். எது கடினம் என்பதை அவர் மகரகம வரை எடுத்துச் செல்லட்டும். நீர் மேலிருந்து கீழே வருவது போலக் கேள்வி கீழிருந்து மேலே போக வேண்டும். கலைத்திட்டம் ஆக்குவோரிடம் ஒரு வேண்டுகோள்: தமிழ் வழிகாட்டி சிங்கள வழிகாட்டியோடு ஒரே நாளில் வர வேண்டும். முடியுமாயின் சில அலகுகளாவது முதலில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

ஊரவர்களாகிய எமக்கும் வேலை உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, 1972இல் புதிய பாடத்தைத் தடுமாறித் தடுமாறிக் கற்பித்தவர்கள் உங்களிற் சிலர் இன்னும் எம்மிடையே இருக்கிறீர்கள். 1990இல் பாயும் கரும்பலகையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும் இருக்கிறீர்கள். எந்தச் செயலமர்வும் தராத பயிற்சி உங்களிடம் உண்டு. இளம் ஆசிரியர்களோடு வந்து அமர்ந்து அதைச் சொல்லுங்கள். பங்கு மக்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் ஒரு மண்டபத்தையும், தூரத்திலிருந்து வருபவருக்குப் பெற்றோல் செலவையும் கொடுத்தால் போதும்.

தில்லையடி ஆசிரியர் சென்ற வாரம் மறுபடி வந்தார். அந்தப் பொடியன் இப்போது ஏழாந் தரம். கொப்பியின் முதற் பக்கத்தில் 'ஊர்' என்ற இடத்தில் இரண்டு பெயர்களை எழுதி, நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறானாம். அது சரியா பிழையா என்று ஆசிரியர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றேன்.

"அடுத்த கூட்டம் எப்ப பாதர்?" என்றார்.

திகதியை நாம்தான் குறிக்க வேண்டும்.